என்கவுன்டர்: எதிர்ப்பாடு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் அடிக்கடி அடிபடும் சொல் 'என்கவுன்டர்'. அதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதுதான் இங்கே கேள்வி. ஆட்டத்தை நடத்துபவருக்கு உதவ, டெர்மினல் என்ற எழுத்துத் திரையில் கட்டளை தட்டி இயக்கும் சிறு கருவிகள் இருக்கின்றன. களத்தில் யார் யார், அடுத்த முறை யாருடையது, யாருக்கு எவ்வளவு உயிர்ப்புள்ளி (இன்னும் எவ்வளவு அடி தாங்கலாம் என்ற எண்) மிச்சம், யார் மயங்கிக் கிடக்கிறார் என்பதையெல்லாம் அவை நினைவில் வைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கு முழுவதையும் ஒரு கட்டாகச் சுட்டும் பெயர்தான் என்கவுன்டர்.

தமிழில் இதைக் கேட்டதும் காவல்துறையின் துப்பாக்கிச் சூடு நினைவுக்கு வரும். செய்திகள் அப்படிப் பழக்கிவிட்டன. விளையாட்டில் அந்தப் பொருளுக்கு இடமில்லை.

சொல்லின் வேர் லத்தீன். 'இன்', 'கான்ட்ரா' இரண்டும் சேர்ந்து 'எதிரே' என்ற பொருளில் நின்றன. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது பகைவர் நேருக்கு நேர் மோதுவதைக் குறித்தது. தற்செயலாகச் சந்திப்பது என்ற மென்மையான பொருள் பின்னால் சேர்ந்தது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு இந்த இரண்டு பொருளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. வழியில் ஒரு விலங்கு எதிர்ப்பட்டால் உடனே வாளை உருவ வேண்டும் என்பதில்லை. ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டுவார்கள். கூட்டுத்தொகை 9 முதல் 12 வரை வந்தால் அது இணக்கமாக இருக்கும், 5 அல்லது அதற்குக் கீழே என்றால் பகை, இடைப்பட்டது இன்னும் முடிவாகாத நிலை. பாலத்தை மறித்து நிற்கும் பூதத்தோடு பேசிச் சமாளித்துக் கடந்துபோனாலும் அது என்கவுன்டர்தான்.

அதனால் 'சண்டை', 'மோதல்' என்று பெயர்த்தால் பாதி ஆட்டம் வெளியே போய்விடுகிறது. 'சந்திப்பு' என்றால் நேரம் குறித்துப் பார்க்கப் போவது போல இருக்கிறது. 'எதிர்கொள்ளல்' பரவாயில்லை, ஆனால் அது ஆடுபவரின் செயலைச் சொல்கிறது, நிகழ்வைச் சொல்லவில்லை.

என் தேர்வு 'எதிர்ப்பாடு'. புறப்படு புறப்பாடு ஆவதும், வெளிப்படு வெளிப்பாடு ஆவதும் நமக்குப் பழக்கம்தானே, அதே போக்கில் எதிர்ப்படு எதிர்ப்பாடு ஆகிறது. இதைவிட என்னைக் கவர்ந்தது 'எதிர்' என்ற வேர். எதிரியும் அதிலிருந்துதான், எதிர்வீடும் அதிலிருந்துதான். விருந்தினரை முன்சென்று வரவேற்பதையும் எதிர்கொண்டழைத்தல் என்கிறோம். பகையும் வெறும் நேர்நிலையும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன, 'கான்ட்ரா' போலவே. பகடை விழும்வரை எது என்று தெரியாத நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

'எதிர்ப்பு' என்று யாராவது தவறாகப் படிப்பார்களோ என்ற தயக்கம் இருந்தது. 'எதிர்ப்பாடு தொடங்கியது', 'இரண்டாம் எதிர்ப்பாடு' என்று சொல்லிப் பார்த்தபோது அது போய்விட்டது.

கூடவே வரும் 'இனிஷியேட்டிவ்' பற்றியும் ஒரு வார்த்தை. அகராதிகள் 'முன்முயற்சி' என்கின்றன. ஆட்டத்தில் முயற்சி எதுவும் இல்லை. பகடை உருட்டி, யார் முந்துவது என்று தீர்மானிக்கும் எண் அது, அவ்வளவுதான். 'முந்தெண்' என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

சரி, இந்தச் சொற்களைக் கருவிக்குள் வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'எதிர்ப்பாடு' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது 11 குறியீடுகள், ஏனென்றால் புள்ளியும் கால் கொம்புகளும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. அந்த 11ஐ அகலம் என்று எடுத்துக்கொண்டு பட்டியல் போடும் நிரலில் உயிர்ப்புள்ளி, முந்தெண் நெடுவரிசைகள் வரிக்கு வரி விலகிப்போகும். குறியீடுகளை எண்ணாமல், திரையில் எழுத்து பிடிக்கும் இடத்தை அளந்துதான் இடைவெளி விட வேண்டும்.