குரல்கள் அடங்கிய பிறகும் மிச்சமிருக்கும் பயம்

"இப்போ குரல் எதுவும் கேட்கலைங்கிறான். மாத்திரையும் ஒழுங்கா போடுறான். ஆனா வீட்டை விட்டு வெளியவே வரமாட்டேங்கிறான், ஒரே சோம்பேறித்தனம்." மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா; இதில் இல்லாத குரல்கள் கேட்கலாம்) சிகிச்சை பெறுபவர்களின் அம்மாக்கள் மருத்துவ உளவியலாளரான என்னிடம் அடிக்கடி சொல்வது இது.

பெரும்பாலும் அது சோம்பேறித்தனம் இல்லை. நோயே ஆர்வத்தையும் பேச்சையும் குறைத்துவிடும். ஆனால் அதோடு, "படிப்பு போச்சு, வேலை போச்சு, இனி எனக்கு என்ன இருக்கு?" என்ற துக்கமும், நாலு பேர் முன்னால் நிற்கும் பயமும் சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வும் பதற்றமும். நோயால் வரும் மந்தத்தையும் மனச்சோர்வையும் பிரித்தறிவது கஷ்டம். அதற்கென்றே கால்கரி அளவுகோல் என்று ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்கின்றன ஆய்வுகள். அதனால் இந்தச் சோர்வை 'சுபாவம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

"இவங்ககிட்ட பேசி என்ன ஆகப்போகுது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மனச்சிதைவு நோய் உள்ள ஒருவருக்குப் பேச்சுச் சிகிச்சை அளித்த அனுபவத்தை, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1952-லேயே எழுதியிருக்கிறார். இதே நோய் உள்ள சிலர் நிபுணரோடு குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சையும் உண்டு. அப்படிப் பேசும்போது, நிபுணர் தனியாக உட்கார்ந்து தர முடியாத ஒன்று கிடைக்கிறது.

அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஒரு தம்பி டீக்கடைப் பக்கமே போகமாட்டார். "எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறாங்க." யாரும் பார்க்கவில்லை என்று வீட்டில் எத்தனையோ முறை சொல்லியும் பலனில்லை. குழுவில் இருந்த ஒரு அக்கா, "எனக்கும் பஸ்ல அப்படித்தான் தம்பி. கண்டக்டர் சிரிச்சாலே என்னைப் பார்த்துத்தான்னு தோணும்" என்றார். அந்தத் தம்பி அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து இன்னொருவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அப்புறம் எப்படிக்கா பஸ்ல வர்றீங்க?"

அந்த வார வீட்டுப்பாடம், குழுவில் இன்னொருவரோடு டீக்கடைக்குப் போய்வருவது. போகும் முன், எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். 'எல்லாரும்' என்று எழுதினார். திரும்பி வந்து எழுதியது: 'ரெண்டு பேர். ஒருத்தர் சில்லறை இருக்கான்னு கேட்டார்.' பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் அடுத்த வாரம் தனியாகப் போனார்.

குழு என்றால் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஆறேழு பேர், வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போல. நோய் கடுமையாக இருக்கும் கட்டத்தில் யாரையும் சேர்ப்பதில்லை. குரல்களைக் குழு அடக்கிவிடும் என்றும் சொல்லமாட்டேன். அதற்கு மாத்திரையோ ஊசியோ தொடர்ந்தே ஆகவேண்டும்.

இன்னொன்று. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் துடித்துக்கொண்டே இருந்தால், அது பதற்றம் இல்லாமல் மருந்தின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். அதைப் பேசித் தீர்க்க முடியாது. மனநல மருத்துவர்தான் மருந்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது, குரல் கேட்கிறதா என்பதோடு நிறுத்தாமல் தூக்கம், பயம், அழுகை, நம்பிக்கையின்மை இவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அங்கே குழுச் சிகிச்சை உண்டா என்றும் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுத்த ஓ.பி. தேதிவரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.