நூறு வரைக்கும் ஒப்பித்தால் கணக்கு வந்துவிடாது

"நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றான் மிஸ், பரீட்சையில மட்டும் தப்புப் போடுறான்." இந்த மாதமும் இதே புகார். இரண்டாம் வகுப்புப் பையன். 7 புளியங்கொட்டையை எண்ணச் சொன்னேன். சரியாக எண்ணினான். 4-ஐ விட்டுவிட்டு மீதியை உள்ளங்கையால் மூடி, "கைக்குள்ள எத்தனை?" என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ஏழு" என்றான்.

பெற்றோரே, ஒப்பிப்பது பாட்டு மாதிரி. அடுத்த வரி தெரிந்தால் போதும். 8-க்குள் 5-ம் 3-ம் இருக்கிறது, 6-ம் 2-ம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. 8-ஓடு 5 என்றால், பிரிக்கத் தெரிந்த பிள்ளை 5-லிருந்து 2-ஐ எடுத்து 8-ஐப் பத்தாக்கி, மிச்சம் 3, பதிமூன்று என்று சொல்லும். ஒப்பிக்கிற பிள்ளை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடியும் ஒன்று!

இதுவே மூன்றாம் வகுப்பில் வெடிக்கும். 52-ல் 27 போனால் 35 என்று எழுதும். 2-ல் 7 போகாது, அதனால் 7-ல் 2-ஐக் கழித்துவிடும். "கடன் வாங்கு" என்று கத்துகிறோம். யாரிடம், எதற்கு என்று அதற்குத் தெரியாது. 52 என்பது 40-ம் 12-ம் என்று பிரித்துப் பார்த்ததே இல்லையே. (சிலபஸ் ஓட்டும் சக ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

விரல் விட்டு எண்ணினால் அடிக்காதீர்கள். 7 என்றால் ஒரு கை முழுசும், அடுத்த கையில் இரண்டும். அதுவே பிரித்தல்தான். பழகினால் விரல் தானாக நின்றுவிடும்.

அபாகஸ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்கள், ஜிபே இல்லாமல். 10 ரூபாயை எத்தனை விதமாகச் சில்லறையாக்கலாம் என்று கேளுங்கள். காசிமேட்டில் மீனைக் கூறு போட்டு விற்கும் அம்மாக்களுக்கு இன்னும் சுலபம்: "பத்து மீன், ரெண்டு கூறு. இதுல ஆறு, அதுல எத்தனை?" தப்பாகச் சொன்னால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். எண்ணிப் பார்க்க விடுங்கள்.

முதலில் பத்துக்குள், பிறகு இருபது. வாய்ப்பாடு அப்புறம். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் மட்டும் உட்கார வைக்காதீர்கள், தயவுசெய்து.