டன்னைக் கூட்டாதீர்கள், மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள்

கத்திரி தொடங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே ரகம். "சார், ஏசி ஓடிக்கிட்டேதான் இருக்கு, ரூம் குளிர மாட்டேங்குது." போன வாரம் மேடவாக்கத்தில் பார்த்தது இந்தக் கோடையின் ஏழாவது வீடு. ஓய்வுபெற்ற தம்பதி, புது அடுக்ககத்தின் மேல்தளம், 10-க்கு 12 அடி படுக்கையறை. முதலில் 1 டன் ஏசி, அடுத்த வருஷம் ஒன்றரை, இப்போது 2 டன். மூன்றும் ஐந்து ஸ்டார். இரவு ஒன்பதரைக்கு சீலிங்கில் வெப்பமானியைக் காட்டினேன்: 39 டிகிரி.

மாடி ஏறிப் பார்த்தால் வெறும் காங்கிரீட், அதன் மேல் கறுப்பாக ஒரு கோட்டு வாட்டர்ப்ரூஃபிங். அவ்வளவுதான்.

டன் பைத்தியத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். ஏசிக்கு ஒரே வேலைதான்: உள்ளே வந்த சூட்டை அள்ளி வெளியே கொட்டுவது. 6 அங்குல வெற்றுத் தளத்தின் யு-வேல்யூ (சூட்டை எவ்வளவு உள்ளே விடும் என்பதன் அளவு; குறைந்தால் நல்லது) 3-க்கு மேல். மதியம் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டால், அந்தச் சின்ன அறைக்குள் கூரை வழியாக மட்டும் சுமார் 1,200 வாட் சூடு இறங்கும். ஒரு டன் ஏசி அள்ளக்கூடிய சூட்டில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போயிற்று. பகலில் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி முழுக்கக் கக்கும். நீங்கள் டன்னைக் கூட்டுவது ஓட்டைப் படகில் இறைக்கிறவருக்குப் பெரிய வாளி வாங்கித் தருவதுதான். ஸ்டார் லேபிளும் இதற்கு உதவாது. அது இயந்திரத்துக்குக் கொடுத்த மதிப்பெண், உங்கள் கூரைக்கு இல்லை.

"இன்சுலேஷன் எல்லாம் குளிர் நாட்டுக்கு சார்" என்பார்கள். நம் தாத்தாக்கள் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, தட்டோடு பதித்தது எந்தக் குளிருக்கு?

2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா (குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு), கூரையின் யு-வேல்யூ 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. தளத்தின் மேல் ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். போர்டு (சூட்டைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை) பதித்தாலே 0.9-க்கு வந்துவிடும், அந்த 1,200 வாட் 350 பக்கம் இறங்கும். (நம் தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்.இ.டி.வி. (சுவர், ஜன்னல் வழியாக வரும் சூட்டுக்கு அதே விதித்தொகுப்பு வைத்த அளவு) 15-க்குள் வந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடாதீர்கள். அந்தக் கணக்கில் கூரை கிடையாது.)

மேல்தளத்தில் வீடு வாங்குகிறவர்கள் தளத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேளுங்கள். போர்டின் தடிமன் எழுத்தில் இருக்கட்டும். "எல்லாம் போட்டிருக்கோம் சார்" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். சீலிங்குக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டுவது இரண்டாம்பட்சம்தான்; மேலே தளம் வெந்துகொண்டேதான் இருக்கும். வெள்ளை டைல்ஸோ கூல் ரூஃப் பெயின்ட்டோ நல்லதுதான், ஆனால் தூசி படிந்தால் பலன் குறையும், கழுவிவிட வேண்டும். அப்புறம், வெளி யூனிட்டை அழகுக்காக ஜாலி (துளைபோட்ட தடுப்பு) போட்டு மூடாதீர்கள், தயவுசெய்து. அது விட்ட அனலை அதுவே திரும்ப இழுக்கும்.

வேலையை மழைக்கு முன்னால் முடியுங்கள். முதலில் தண்ணீர் வடிய வாட்டமும் வாட்டர்ப்ரூஃபிங்கும், பிறகுதான் போர்டு. புது ஏசி வாங்கும் யோசனை இருந்தால் தளவேலை முடியும்வரை பொறுங்கள். அந்தப் பழைய 1 டன்னே போதும் என்று ஆகிவிடலாம்.