காற்று ஒழுகினால் கண்ணுக்குத் தெரியாது

பிளம்பிங்கில் ஒரு ஜாயின்ட் சரியில்லை என்றால் அன்றைக்கே தரை நனைந்துவிடும். ஏசியின் குளிர்காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் தகரக் குழாய்தான் டக்ட். அந்த வேலையில் இந்த வசதி கிடையாது. ஃபால்ஸ் சீலிங்கை மூடி, தப்புப் பண்ணின பையன் வேறு சைட்டுக்குப் போய், பல மாதம் கழித்துத்தான் புகார் வரும். அதுவும் ‘ஏசி மெஷின் சரியில்லை’ என்றுதான் வரும்.

சென்னை ஓஎம்ஆரில் ஓர் அலுவலகம். மீட்டிங் ரூம் மட்டும் குளிரவே இல்லை. சீலிங்கைத் திறந்தால், 5 அடி தூரத்துக்கு 12 அடி ஃபிளெக்சிபிள் டக்ட், அதாவது வளையும் குழாய், மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிறது. போட்டவனைக் கேட்டேன். “வெட்டினா வேஸ்ட்டாயிடும்ணே. பின்னாடி சீலிங்ல காத்து வெளிய வர்ற டிஃப்யூசரை நகர்த்தச் சொன்னா உதவுமேன்னு விட்டேன்” என்றான். நல்ல எண்ணம்தான், திட்ட மனம் வரவில்லை. ஆனால் இழுத்து விடாத ஃபிளெக்சிபிள் உள்ளே முழுக்க மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் காற்று முட்டி வேகத்தை இழக்கும். விறைப்பாக இழுத்து, மிச்சத்தை வெட்டி எறியத்தான் வேண்டும்.

அதையே கட்டுக்கம்பி போட்டு இறுக்கித் தொங்கவிடுவது இன்னொரு வழக்கம். கம்பி பட்ட இடத்தில் இடுப்பு விழுந்துவிடும். 10 அங்குலக் குழாய்க்குப் பதில் 8 அங்குலம் போட்டு அதே அளவு காற்றைத் தள்ளினால், உராய்வு சுமார் 3 மடங்கு ஆகும். 2 அங்குலம்தானே என்று நினைக்கக் கூடாது. அகலமான பட்டையால், 4, 5 அடிக்கு ஒன்றாகத் தாங்குங்கள்.

டேப் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. துணி டேப்பைச் சுற்றிவிட்டு ‘சீல் ஆச்சு’ என்று சொல்பவனை நான் நம்புவதில்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1990களில் பலவகை சீல்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். சொல்லிவைத்தாற்போல் தோற்றது துணி டேப்தான். ஷீட்டில் தூசி, எண்ணெய் துடைத்துவிட்டு, இடைவெளியை அடைக்கும் பசையான சீலன்ட்டைத் தடவுங்கள். 2 டக்ட் துண்டுகளை இணைக்கும் விளிம்பான ஃபிளேஞ்சின் 4 மூலையை விடாதீர்கள், கசிவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அப்புறம் இன்சுலேஷன், அதாவது டக்டின் மேல் சுற்றும் வெப்பத் தடுப்பு உறை. டக்டுக்குள் 13, 14 டிகிரியில் காற்று ஓடுகிறது. சென்னைப் புழுக்கத்தில் 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்த தகரத்திலேயே வெளிக்காற்றின் ஈரம் வேர்த்து நிற்கும். சப்போர்ட் வரும் இடத்தில் பையன்கள் இன்சுலேஷனை வெட்டி, விரலளவு இடைவெளி விட்டுவிடுவார்கள். ஏசி இல்லாத காரிடாரில் அப்படிச் சொட்டியதைப் பார்த்து, ஏசித் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் பைப்பில் அடைப்பு என்று 2 முறை பைப்பைக் கழற்றி மாட்டிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது.

வேலை பாதியில் நிற்கும்போது திறந்த முனையை பாலிதீன் போட்டுக் கட்டுங்கள். இல்லையென்றால் சைட்டின் சிமென்ட் தூசி முழுக்க உள்ளே போய்விடும்.

இப்போது புதுப் பையன்களுக்கு, இன்சுலேஷன் சுற்றுவதற்கு முன்னால் லைட் டெஸ்ட்டை நானே காட்டிவிடுகிறேன். இருட்டிய பிறகு சைட் விளக்கை எல்லாம் அணைத்து, டக்டுக்குள் ஒரு பல்பை இழுத்துக்கொண்டே போக வேண்டும். போன மாதம் ஒருவன், தான் போட்ட 40 அடியில் 11 இடத்தில் வெளிச்சம் ஒழுகுவதைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சாக்பீஸ் கேட்டு வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினான்.