ஏற்காட்டிலிருந்து இறங்கும் ஆறு யூனிட்

அக்கா மகன் போன வாரம் ஐந்து கார்களின் விலைப்பட்டியலோடு வீட்டுக்கு வந்தான். "மாமா, எஸ்யூவி எடுக்கலாம்னு இருக்கோம். பெட்ரோலா, டீசலா, ஹைப்ரிடா, கரண்ட் வண்டியா? நீங்கதான் ஃபிசிக்ஸ் வாத்தியாராச்சே, சொல்லுங்க." வீட்டில் ஆறு பேர். இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில். மனைவியின் ஊர் ஏற்காடு தாண்டி நாகலூர், மாதம் இரண்டு முறையாவது மலையேற வேண்டும். பட்டியலில் குதிரைத்திறன் இருந்தது, சன்ரூஃப் இருந்தது, "மலையில் இழுக்குமா?" என்ற கேள்விக்குக் கீழே மூன்று கோடு போட்டிருந்தான். இறங்குவதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இழுக்கும், எல்லாமே இழுக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 84 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு மூச்சு வாங்கும். டர்போ உள்ளது காற்றை அமுக்கித் திணித்துச் சமாளித்துவிடும். மின்மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். நம்மூர் பஸ் ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவை எந்தப் புதுக் காரும் ஏறிவிடும்.

வம்பு திரும்பி வரும்போதுதான். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். வண்டியும் ஆறு பேரும் பலாப்பழமும் சேர்த்து 1,800 கிலோ என்று வைப்போம். பள்ளிக்கூட நிலையாற்றல் சூத்திரத்தில் போட்டால் 2 கோடியே 10 லட்சம் ஜூல் வரும். மின்வாரியக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஆறு யூனிட். டயர் உருள்வதிலும் காற்றைக் கிழிப்பதிலும் கால்வாசி போகட்டும். மிச்சம் நாலரை யூனிட். ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்க அது போதும்.

அவ்வளவும் பிரேக்குக்கே போனால்? நான்கு சக்கரங்களின் டிஸ்க், டிரம் இரும்பெல்லாம் சேர்த்து முப்பது கிலோ இருக்கலாம். காற்று துளிகூட ஆற்றாமல் இருந்தால் அது 1,100 டிகிரியைத் தாண்டும், வார்ப்பிரும்பு உருகும் எல்லை அது. காற்று ஆற்றுகிறது, அதனால் பிழைக்கிறோம். ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் அடிவாரத்தில் நின்று பாருங்கள். எரிந்த பசை மாதிரி ஒரு நெடி அடிக்கும். பிரேக் பேடில் தூளையெல்லாம் ஒட்டிப் பிடித்திருக்கும் பிசின் சூட்டில் ஆவியாகும் நெடி அது. அந்த ஆவி பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே படர்ந்தால் பிடிமானம் குறையும். இதே அடிவாரத்தில், மாமாங்கம் பக்கம் வெட்டியெடுத்த மேக்னசைட்டில்தான் எஃகு உலைகளுக்கு உள்சுவர்ச் செங்கல் செய்கிறார்கள். சூடு தாங்கும் கல் விளையும் ஊரில் சூடு தாங்காத பிரேக்கோடு இறங்குகிறோம்.

அதைவிட மோசமானது பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 4 வகை ஆயில் புதிதாக ஊற்றும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. சில வருடத்தில் நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். குழாயில் ஆவிக்குமிழி வந்தால் திரவம் போல அது அழுத்தத்தைக் கடத்தாது, நசுங்கும். பெடல் சொத்தென்று தரையில் போய் உட்காரும். புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பழம் மலிவு. ஆனால் பழத்துக்கு நல்ல நேரம் பார்ப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றவும் ஒரு நேரம் பார்க்கலாம்.

எலுமிச்சையைவிட ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு. நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் குடிக்கும். கியரில் வைத்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய கார்களில் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். பெட்ரோல் எஞ்சினில் அப்போது காற்று வரும் கதவும் மூடியிருக்கும். நுனியை விரலால் அடைத்துக்கொண்டு ஊசி சிரிஞ்சின் தண்டை இழுத்துப் பாருங்கள். பிஸ்டன் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பாடுதான். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று அப்படி இழுபட்டால் வண்டி தானாக அடங்கும். டீசலில் பொதுவாக அந்தக் கதவு குறுக்கே நிற்காது. அமுங்கிய காற்று திரும்ப விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடும். அதனால்தான் லாரிகளில் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைக்கிறார்கள். "ஏறின கியர்லயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வதில் இந்த அறிவியல் முழுக்க இருக்கிறது.

சரி, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிடுக்கு வருவோம். எனக்கு ஆசை தீராத இடம் இது. சக நண்பர் ஒருவரின் ஹைப்ரிட் காரில் சென்ற மாதம் இறங்கினோம். முதல் சில வளைவுகள் வரை சத்தமே இல்லை. மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பிக்கொண்டே வந்தது, திரையில் பச்சைக் கட்டங்கள் ஏறின. திடீரென்று எஞ்சின் உறுமியது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, இறக்கத்தில் போகிறோம், ஆனால் சத்தமோ ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்குவது போல. பின்சீட்டில் நண்பரின் அம்மா, "வண்டிக்கு என்னமோ ஆயிருச்சுடா, நிறுத்து" என்றார்.

ஒன்றும் ஆகவில்லை. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற எஸ்யூவிகளின் ஹைப்ரிட் பேட்டரி ஒரு யூனிட்கூடக் கொள்ளாது, 0.76தான். அதிலும் முழுவதையும் பயன்படுத்த விடமாட்டார்கள். மலையோ நாலரை யூனிட்டைக் கொட்டுகிறது. சொம்பில் குடத்துத் தண்ணீரை ஊற்றுகிற கதை. வழிவதை எங்கே விடுவது?

இந்த வண்டிகளில் எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் ஒரே பல்சக்கரக் கூட்டத்தில் கோத்திருக்கின்றன. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிவரும் குட்டிச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். பேட்டரி நிரம்பியதும், சக்கரத்தோடு சேர்ந்த பெரிய மோட்டார் செய்யும் மின்சாரத்தைக் கணினி சின்ன மோட்டாருக்கு அனுப்புகிறது. அது பெட்ரோல் எஞ்சினைப் பிடித்துச் சுற்றுகிறது, பெட்ரோல் ஒரு சொட்டு இல்லாமல். எஞ்சின் சும்மா காற்றை இழுத்து, அமுக்கி, வெளியே விடுகிறது. சேர்வராயன் மலையின் உயரம் மின்சாரமாகி, மின்சாரம் சுழற்சியாகி, கடைசியில் சைலன்சர் வழியாக வெதுவெதுப்பான காற்றாகவும் ரேடியேட்டர் சூடாகவும் போய்ச் சேர்கிறது. ஓட்டும் எஞ்சினையே சுமையாக மாற்றி பிரேக்கைக் காப்பாற்றும் இந்த வேலையை 1997இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் குடும்பத்து வண்டிகள்தான் பழக்கப்படுத்தின. யோசித்தவருக்கு ஒரு கிளாஸ் ஏற்காட்டுக் காபி வாங்கித் தர எனக்கு ஆசை. கியர் லீவரில் டி-க்குக் (D) கீழே உள்ள பி (B) என்ற எழுத்து இதை முன்கூட்டியே கேட்டு வாங்கத்தான். வண்டி வைத்திருக்கும் பலர் அதைத் தொட்டதே இல்லை.

கரண்ட் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. நெக்ஸான் மாதிரி வண்டியில் 30 முதல் 45 யூனிட் வரை இடம் உண்டு, இறங்கும்போது மூன்று யூனிட்டாவது திரும்பக் கிடைக்கலாம். ஆனால் மேலே மாமியார் வீட்டில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் இறங்காதீர்கள். லித்தியம் பேட்டரி நிரம்பிய பிறகு திணித்தால் கெடும், அதனால் கணினி வாங்க மறுத்துவிடும், பாரம் முழுக்க பிரேக் பேடின் தலையில் விழும். 90 சதவீதத்தில் பிடுங்கிவிடுங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவன், "அப்ப ஹைப்ரிட் எஸ்யூவியே எடுத்துடலாமா மாமா?" என்றான். எனக்குப் பிடித்த இயந்திரம் அதுதான். ஆனால் அவன் பட்ஜெட்டில் வருகிற ஹைப்ரிடில் ஐந்து சீட்டுதான், வீட்டில் ஆறு பேர். ஏழு சீட் ஹைப்ரிட் இன்னோவா அவன் தொகையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே என் கணக்கில் விடை எர்டிகா போல ஏழு சீட் பெட்ரோல் வண்டி, கையால் கியர் போடுவது. எஸ்யூவி என்ற பெயர் கிடைக்காது, எடைமையம் தாழ்வாக இருப்பதால் வளைவில் சாய்வது குறையும், இரண்டாம் கியரில் சிரிஞ்சு வேலையை ஒழுங்காகச் செய்யும்.

அவனுக்கு முகம் சுருங்கியது. உயரமான வண்டி இல்லையென்றால் கெத்து இல்லையாம். அக்கா இத்தனை நேரம் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "எது வேணா எடுங்கடா, மூணாவது சீட்டுல என்னைய உட்கார வைக்காதீங்க. இருபது வளைவும் எனக்கு வாந்தி."