காப்பட் போடும் முன் எல்லோரும் ஒருமுறை நடந்து பார்ப்போம்

புதிதாகக் காப்பட் (தார்க்கலவை மேற்படை) போட்ட வீதியைச் சில மாதங்களிலேயே குறுக்கே வெட்டுவதைத் திருகோணமலையில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். நீர்க்குழாய்க்கு ஒரு வெட்டு, அதை மூடி முடிய கேபிளுக்கு இன்னொரு வெட்டு. "இவை ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறதே இல்லையா?" என்று சனம் கேட்கிறது. வீதி வேலைகளுக்குள் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நியாயமான கேள்வி.

நடப்பவருக்கு வீதி ஒன்றுதான். ஆனால் ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்துக்கும் உரியவை. கீழே ஓடும் குழாய் நீர் வழங்கல் சபையினுடையது. கம்பமும் கம்பியும் மின்சாரப் பகுதியினருடையவை. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் போனால் தொல்பொருள் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி மதிப்பீடு, தனி நிதி, தனி அவசரம்.

இதில் எங்கள் ஊரை அதிகம் வருத்துவது நாட்காட்டி. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, விலைமனு கோரி, ஒப்பந்தகாரர் களத்தில் இறங்கும்போது பல தடவைகளில் ஒக்டோபர் ஆகிவிடுகிறது. இங்கே அதுதான் மாரிமழை தொடங்கும் நேரம். வெட்டிய குழியை 150 மில்லிமீற்றர் அளவான படைகளாக நிரப்பி, ஒவ்வொரு படையையும் இறுக்க வேண்டும். மழையும் அவசரமும் சேர்ந்தால் முழு மண்ணையும் ஒரேயடியாகத் தள்ளி மேலே ரோலரை ஓட்டிவிடுவார்கள். மேல்பகுதி மட்டும் இறுகும். மழை போய் முடிவதற்குள் அந்த இடம் தாழ்ந்து, ஓட்டோவின் சில்லு விழும் குழியாகிவிடும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மதிப்பீடு தயாரிக்கும் முன்பே, முந்திய மாரியிலேயே, இந்த அலுவலகங்களின் உத்தியோகத்தர்கள் ஒரே நாளில் அந்த வீதியில் ஒன்றாக நடக்க வேண்டும். கிராம அலுவலர், கிராம அபிவிருத்திச் சங்கத்தார், கடைக்காரர்கள், ஓட்டோத் தரிப்பிடத்துத் தம்பிமார் எல்லோரும் கூட வர வேண்டும்.

ஏன் மழையில்? டச் பே கரைப்பக்கம் வரைபடத்தோடு ஒரு கானை (வடிகாலை)ப் பார்த்துக்கொண்டு நின்றோம். சரிவு கணக்கில் சரியாக இருந்தது. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா எழும்பி வந்து, "தம்பி, கான் நல்லாத்தான் இருக்கு. கடல் எறியிற நாளில வாயை மண் மூடிப்போடும், பிறகு தண்ணி எங்க போறது?" என்றார். மட்டக்கருவியில் அது தெரியாது. அவரைக் கேட்காமல் கட்டியிருந்தால், கடல் எறியும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வீதிக்குத் திரும்பியிருக்கும்.

கம்பிகளும் அப்படித்தான். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருகிறார். கோயில்களின் தேர்கள் ஓடுகின்றன. எந்தச் சந்தியில் கம்பி தட்டும் என்று கோயில்காரருக்கு நன்றாகத் தெரியும். புதிய கம்பம் நடும் முன் அவர்களைக் கேட்டால் என்ன?

காப்பட் போடும் முன் வீதிக்குக் குறுக்கே வெற்றுக் குழாய்களைப் பதித்து வைத்தால், பிறகு கேபிள் இழுக்க வீதியை வெட்டவே தேவையில்லை. செலவு மொத்த வேலையில் சிறு பங்கு. சிக்கல் என்னவென்றால், அந்தச் செலவு எவருடைய மதிப்பீட்டிலும் இருப்பதில்லை. இதைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் பேசி, யார் கொடுப்பது என்று கூட்டக் குறிப்பில் எழுத வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு அடுத்த இடமாற்றத்தோடு போய்விடும்.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போடுவதையும் சேர்த்துக் கேளுங்கள். வீதி உயர உயர முற்றங்கள் தாழ்கின்றன, மாரித் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. அதேநேரம் கானுக்கு மேல் கொங்கிறீற்றுப் போட்டுக் கடைக்குப் படி கட்டுவது நாங்கள்தானே? துப்புரவுத் தொழிலாளிக்குக் கானுக்குள் கையை விடவும் இடமில்லாமல் போகிறது. அதை நாமே திருத்தலாம்.

உங்கள் ஒழுங்கைக்கு வேலை வருகிறது என்று தெரிந்தால், மதிப்பீட்டின் பிரதியையும் முடிக்கும் திகதியையும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. அப்புறம், போன மாரியில் தண்ணீர் நின்றபோது கைபேசியில் எடுத்த படங்கள் இருந்தால், திகதியோடு கிராம அலுவலரிடம் கொடுங்கள். வேலை தொடங்கிய பிறகு வேண்டாம், மதிப்பீடு எழுதும் முன்பே கொடுங்கள்.