கீப்பர்: எல்லா இடத்திலும் காப்பாளர்தானா?

கீப்பர் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஸ்டம்புக்குப் பின்னால் கையுறையோடு குந்தியிருப்பவர்தான். விக்கெட் காப்பாளர், கோல் காப்பாளர் என்று எழுதிப் பழகிய கையோடு, கீப்பர் என்று முடிகிற எல்லா ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கும்போது காப்பாளரையே ஒட்டவைத்துவிடுகிறார்கள். அது சரிவராது. தேனீக் காப்பாளர், கடைக் காப்பாளர் என்று எழுதினால் யாரோ தடியோடு காவலுக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது.

கீப் என்ற வினை பழைய ஆங்கிலத்தில் கேப்பன் என்று இருந்தது. பற்றிப் பிடிப்பது, கவனித்துப் பார்ப்பது, ஒன்றைக் கருத்தோடு கடைப்பிடிப்பது என்று அப்போதே பல பொருள் அதற்கு உண்டு. ஒரு ஆளையோ பொருளையோ தன் பொறுப்பில் வைத்திருப்பவர் என்ற பொருளில் கீப்பர் 1300 வாக்கில் வந்துவிட்டது. ஒலி கொஞ்சம் நெருங்கி வருகிறதே என்று கீப்பையும் நம் காப்பையும் ஒரே வேர் என முடிச்சுப் போட்டுவிட வேண்டாம், அதற்கு ஆதாரம் கிடையாது.

ஆனால் பொருளில் நம்முடைய 'கா' அதற்குச் சளைத்ததில்லை. காவல், காப்பு, காவலன், காப்பாளர், ஏன், ஒருவர் வரவை எதிர்பார்த்துக் காத்திருப்பது வரை இந்த ஓரெழுத்திலிருந்து கிளைத்ததுதான். 'யாகாவா ராயினும் நாகாக்க' என்று குறளில் வருவதும் இதே காத்தல். கேட் கீப்பருக்கு வாயிற்காவலர் என்று நாம் புதிதாக உருவாக்கத் தேவையே இல்லை, பாண்டியன் அரண்மனை வாசலில் கண்ணகி 'வாயிலோயே வாயிலோயே' என்று கூப்பிட்டது அவரைத்தான். விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீன், தம்பி எங்கே என்று கடவுள் கேட்டபோது, திருப்பிக் கேட்பதும் 'என் சகோதரனுக்கு நான் காவலாளியோ' என்றே தமிழில் இருக்கிறது. அங்கே காவலாளி கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் பேச்சே ஒருவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பற்றியது.

மற்ற இடங்களில், அந்த ஆள் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். தேனீயை வளர்க்கிறவர் தேனீ வளர்ப்பவர். கடை நடத்துகிறவர் கடைக்காரர். புக் கீப்பர் கணக்கு எழுதுகிறார், ஆகவே கணக்கர். டைம் கீப்பருக்கு நேரக் கண்காணிப்பாளர் போதும். அருங்காட்சியகத்துக்குக் காப்பாட்சியர் என்ற அழகான சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது.

ஆளே இல்லாத கீப்பரும் உண்டு. லாட காந்தத்தைச் சும்மா வைத்திருக்கும்போது அதன் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு தேனிரும்புத் (ஆங்கிலத்தில் சாஃப்ட் அயர்ன்) துண்டை ஒட்டவைப்பார்கள். சட்டக் காந்தம் என்றால் இரண்டை எதிர் எதிர் முனைகள் பக்கத்தில் வருமாறு அடுக்கி, இரு கோடியிலும் ஒவ்வொரு துண்டு. காந்தப் புலம் அந்த இரும்பின் வழியே ஒரு சுற்றாக மூடிக்கொள்வதால் காந்தத்தன்மை சீக்கிரம் குறையாது. அந்தத் துண்டுக்குப் பெயர் கீப்பர். காந்தக் காப்பு என்றால் மிகச் சரியாக இருக்கும். காப்பாளர் என்று எழுதினால் இரும்புத் துண்டுக்கு மரியாதை விகுதி போட்டதாகிவிடும்.

அப்புறம், ஒருவரைப் பாராட்டி 'ஹி இஸ் எ கீப்பர்' என்கிறார்களே, அது மீன்பிடிப்பவர்கள் பேச்சோடு ஒட்டிய வழக்கு. தூண்டிலில் சிக்கியது சின்ன மீன் என்றால் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள், வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் அது கீப்பர். இங்கே கீப்பர் காக்கிற ஆள் இல்லை, காத்து வைத்துக்கொள்ளப்பட வேண்டியவர். பொருள் அப்படியே திரும்பிவிடுகிறது. இதைக் காவலர் என்று மொழிபெயர்த்தால் வாக்கியமே கெட்டுப்போகும். 'அவரை விட்டுடாதே' என்று எழுதிவிடலாம், நாம் பேசும்போது அப்படித்தானே சொல்கிறோம்.